கிணற்றுத் தண்ணீரும் கோப்பி மெசினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக் கோப்பி மெசின் வாங்கியவர்கள் குறைவு. லண்டனிலோ கனடாவிலோ இருந்து விடுமுறைக்கு வரும் யாராவது ஒருவரின் சூட்கேசுக்குள், சொக்கிளேற்றுக்கும் சேட்டுத் துணிக்கும் நடுவில்தான் அது வந்து இறங்கும். ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு இருமத் தொடங்கும். பிறகு அலுமாரியின் மேல் ஏறும்.

என் வீடு கொக்குவிலில். தங்கை லண்டனில் இருந்து கொண்டுவந்த மெசின் ஏழு வருடமாக ஓடுகிறது. அதில் முதல் வருடம் முழுக்க நான் செய்தது எல்லாம் பிழை. அந்தப் பிழைகளில் கற்றதை வைத்துத்தான் அயலவர்களும் சொந்தக்காரரும் கேட்பவற்றுக்குப் பதில் சொல்லி வருகிறேன்.

முன்பு ஐந்து நிமிடத்தில் வடித்த மெசின் இப்போது கால் மணித்தியாலம் எடுக்கிறது. கடகடவென்று சத்தம், நிறைய ஆவி, தாங்கியில் கொஞ்சத் தண்ணீர் மிச்சம். பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ட்ரிப் மெசின் என்கிற, சொட்டுச் சொட்டாக வடிக்கும் வகைக்குள் பம்ப் ஒன்றும் கிடையாது. தாங்கியில் இருக்கும் தண்ணீர் தன் பாரத்தில் கீழே ஒரு வால்வைத் தாண்டி, லாட வடிவில் வளைந்த அலுமினியக் குழாய்க்குள் இறங்கும். அந்தக் குழாயை ஒட்டியபடியே சூடாக்கும் கம்பி ஓடும். தண்ணீர் கொதித்துக் குமிழி கிளம்பும்போது வால்வு திரும்பிப் போக விடாது. வேறு வழியில்லாமல் குமிழி சுடுதண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு போய்த் தூளின் மேல் ஊற்றும். ஜக்கை வைக்கும் தட்டைச் சூடாக்குவதும் அதே கம்பிதான்.

அந்தக் குழாயின் உட்சுவரில் வெள்ளைப் படிவு ஏற ஏற வழி ஒடுங்கும். சூடும் தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஆவி கூடும், தண்ணீர் குறையும். வால்வில் ஒரு துண்டு படிவு மாட்டினால் தண்ணீர் பின்னாலும் போகும், தாங்கிக்குள்ளேயே குமிழி வரும். கோப்பியும் வெதுவெதுப்பாக இறங்கும், சாயம் பிடிக்காது. தூள் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஒருமுறை படிவை எடுத்துப் பாருங்கள்.

இந்த வெள்ளைப் படிவு ஏன் எங்கள் வீட்டில் இவ்வளவு? லண்டன் மெசினுக்கு எங்கள் தண்ணீர் ஒத்துவரவில்லையா?

கேத்திலின் அடியைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இதே கல்லின் பொந்துகளும் வெடிப்புகளும் தந்தவை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்பைக் கரைத்தபடி கிணற்றுக்கு வருகிறது. நாங்கள் அதை அள்ளிக் கொதிக்க வைக்கிறோம். வாயு பறந்துவிடும், கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடும். சீமெந்துக்குப் போன கல்லின் தம்பிதான் உங்கள் மெசினுக்குள் இருக்கிறது.

லண்டன் தண்ணீரும் கடின நீர், அதாவது சுண்ணாம்பு கூடிய தண்ணீர்தான். இந்தச் சண்டை அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே படிவு நீக்கும் மருந்து எந்தக் கடையிலும் தட்டில் இருக்கும், இங்கே கேட்டால் ‘அது என்ன’ என்பார்கள். வித்தியாசம் அது.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு லீற்றரில் கரைந்த சுண்ணாம்பு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மிகக் கடின நீர் என்பார்கள். உங்கள் கிணற்றில் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு லீற்றர் ஓடினால் மாதத்துக்கு 9 கிராம் சுண்ணாம்பு அந்த மெல்லிய குழாய் வழியாகப் போகிறது. எல்லாம் தங்கிவிடாது. ஆனால் தங்குகிற பங்கு போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை படிவு எடுக்க வேண்டும்?

கூட வந்த சிறு புத்தகத்தில் மூன்று மாதம் என்று இருக்கும். அதை நம்பாதீர்கள். எங்கள் வலிகாமப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றி நாளுக்கு இரண்டு தரம் வடிப்பவர்கள் மாதம் ஒருமுறை எடுப்பது நல்லது. போத்தல் தண்ணீரோ, ஆர்.ஓ. என்கிற, மெல்லிய சவ்வால் உப்பும் சுண்ணாம்பும் பிரித்த தண்ணீரோ ஊற்றுபவர்களுக்கு ஆறு மாதம்கூடப் போகும். நான் நாள் எண்ணுவதில்லை, நேரம் பார்க்கிறேன். படிவு எடுத்த மறுநாள் ஒரு ஜக்கு வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வைத்தேன். அதைவிட இரண்டு நிமிடம் கூடினால் அந்த ஞாயிற்றுக்கிழமை மெசினுக்கு மருந்து.

சரி, எப்படி எடுப்பது?

தூளையும் பில்டரையும் எடுத்துவிட்டு, வெறும் ஜக்கைக் கீழே வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை முழுதும் கரைத்துத் தாங்கிக்குள் ஊற்றுங்கள். கட்டியாக ஒன்றும் உள்ளே போகக்கூடாது. மெசினைப் போட்டு, பாதித் தண்ணீர் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

இனி ஒரு அரை மணித்தியாலம் வேறு வேலை பாருங்கள். அவசரக்காரர்கள் பிழைவிடுவது இங்கேதான். அமிலம் குழாய்க்குள் நின்று கல்லைத் தின்ன நேரம் வேண்டும். ஒரே ஓட்டத்தில் விட்டால் அது கல்லைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிடும். நின்ற பிறகு மீண்டும் போட்டு மிச்சத்தையும் இறக்குங்கள். ஜக்கில் வெள்ளைத் துகள்கள் மிதந்தால் நல்ல செய்தி.

பிறகு சாதாரணத் தண்ணீரில் மூன்று தரம் முழு ஜக்கு ஓட்டுங்கள். இரண்டு போதும் என்று ஒருமுறை நானும் நினைத்தேன். பெரியம்மா வந்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை மெதுவாகக் கீழே வைத்து, ‘தம்பி, பால் திரைஞ்சு போச்சோ?’ என்று கேட்டார். அன்று தொடக்கம் மூன்று தரம்.

ஒன்றரை வருடமாகக் கைவைக்காத மெசின் என்றால் ஒரு தடவையில் தீராது. அமிலம் வரையறுத்த அளவு கல்லைத்தான் கரைக்கும். ஒரு கிராம் சுண்ணாம்புக்குக் குறைந்தது ஒன்றேகால் கிராம் சிட்ரிக் அமிலம் செலவாகும். பழைய கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்து, அடுத்த நாள் மறுபடி செய்யுங்கள். கரைசலைக் கடுமையாக்கி ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் அலுமினியக் குழாய்க்குக் கேடு. அதோடு, செறிவான சிட்ரிக் அமிலம் நல்ல சூட்டில் சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத இன்னொரு வெள்ளைப் பொருளையும் உண்டாக்கும். கல்லை எடுக்கப் போய் வேறு கல்லைப் போட்ட கதையாகிவிடும்.

வினாகிரியா, தேசிக்காயா, சிட்ரிக் அமிலமா?

மூன்றும் வேலை செய்யும். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

கடை வினாகிரியில் நாலைந்து வீதம் அசற்றிக் அமிலம் இருக்கும். சரிபாதி தண்ணீர் கலந்து ஊற்றலாம். நிறமில்லாத வெள்ளை வினாகிரிதான் வேண்டும். தென்னங்கள்ளில் செய்த நல்ல வினாகிரியைக் கறிக்கு வையுங்கள், மெசினுக்குள் அதன் மணம் ஒரு கிழமை நிற்கும். வினாகிரி பழைய றப்பர் வளையங்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

தேசிக்காயில் இருப்பதும் சிட்ரிக் அமிலம்தான், ஏறக்குறைய ஐந்தாறு வீதம். அதோடு சக்கை, சீனி, தோல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து வருகிறது. கேத்திலுக்குத் தேசிக்காய்ப் பாதியைப் போட்டுக் கொதிக்க வைப்பது அருமையான வழி, அம்மம்மா காலத்து வழி. கேத்திலுக்குள் கைவிட்டுக் கழுவலாம், மெசின் குழாய்க்குள் கைவிட முடியாது. வேறு வழி இல்லை என்றால் துணியில் இரண்டு தரம் வடித்து ஊற்றுங்கள்.

என் வாக்கு சிட்ரிக் அமிலத்துக்கு. கேக் சாமான் விற்கும் கடைகளில் சிறு பைக்கற்றில் கிடைக்கும். மணமில்லை, மலிவு, ஈரம் படாமல் மூடி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும்.

வினாகிரியோடு அப்பச்சோடாவும் போட்டால் நன்றாக நுரைக்கிறதே, இரட்டிப்பு வேலை செய்யாதா?

செய்யாது. ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்தவுடன் ஒன்றையொன்று அடித்து வீழ்த்திவிடும். நுரை பார்க்க வடிவு, மிஞ்சுவது உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் தனித்தனியே வேலை இருக்கிறது. எப்படி என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

படிவெல்லாம் எடுத்தாயிற்று. ஆனாலும் கோப்பியில் ஊசிப்போன எண்ணெய் மாதிரி ஒரு வாடை. ஏன்?

இது வேறு அழுக்கு. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மிச்சக் கேள்விகளில் பாதி தேவையில்லை.

மெசினில் இரண்டு அழுக்கு. தண்ணீர் போகும் வழியில் இருப்பது சுண்ணாம்பு, அதற்கு அமிலம். கோப்பி போகும் வழியில் இருப்பது எண்ணெய், அதற்குச் சவர்க்காரம் அல்லது அப்பச்சோடா. கோப்பிக்கொட்டையில் எண்ணெய் உண்டு. அது பில்டர் கூடை, மூடியின் உட்பக்கம், ஜக்கின் வாய் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாக ஒட்டி, எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் காறல் மணம் பிடித்துவிடும். அதன் மேல் எவ்வளவு வினாகிரி ஊற்றினாலும் அசையாது.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஜக்கை மட்டும் கழுவுகிறார்கள். கூடையைத் தட்டிச் சக்கையைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்பி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் கூடை, நிரந்தர வலை பில்டர், ஜக்கு, ஜக்கின் மூடி நான்கையும் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுக் கழுவுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஒரு பேசினில் சுடுதண்ணீர் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு வலையையும் கூடையையும் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல்பிரஷால் தேயுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி மாறும். அலுமினியப் பாகம் ஏதும் இருந்தால் அதை அப்பச்சோடாவில் ஊறப்போடாதீர்கள், கறுத்துவிடும். தும்பு, சாம்பல், கம்பிச் சுருள் ஒன்றும் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. கீறலுக்குள் எண்ணெய் குடியேறிவிடும்.

மேலே தண்ணீர் சொட்டும் துளைகள் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள். குனிந்து ரோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளீச்சிங் போட்டுக் கழுவினால் கிருமியெல்லாம் போய்விடும் அல்லவா?

வேண்டாம். வினாகிரியோ வேறு அமிலமோ மிச்சம் இருக்கும் இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சிறு குசினியில் அது விளையாட்டில்லை. கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமையில் அந்தத் தண்ணீரை நேரே மெசினில் ஊற்றினாலும் கோப்பியில் அந்த வாடை இருக்கும். ஒரு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டு, அல்லது கொதிக்க வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது நல்லது?

கொதித்தாறிய தண்ணீர். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பெரிய கேத்திலில் கொதிக்க வைத்து ஆறவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் படியக்கூடிய சுண்ணாம்பில் பெரும்பங்கு கேத்திலின் அடியிலேயே படிந்துவிடுகிறது. மேலே தெளிந்ததை அலுங்காமல் எடுத்து மெசினில் ஊற்றுங்கள், கடைசி இரண்டு அங்குலத்தை விட்டுவிடுங்கள். கல் கேத்திலில் சேரட்டும், அங்கே தேசிக்காயால் தீர்த்துக்கொள்ளலாம். செலவில்லாத வழி இது. நான் பரிந்துரைக்கும் முதல் வழியும் இதுதான்.

மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்து, கொதிக்க வைத்துப் பாவிக்கலாம். தனி மழைநீரில் கோப்பி கொஞ்சம் சப்பென்று இருக்கும். ருசிக்கும் சிறிது கனிமம் வேண்டும். நான் பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் கலப்பேன்.

ஆர்.ஓ. தண்ணீரும் அப்படித்தான், மெசினுக்கு நல்லது, நாக்குக்குச் சுமார். மண் பில்டரும் மெழுகுதிரி மாதிரி வெள்ளைக் குழாய் வைத்த பில்டரும் கலங்கலை நிறுத்தும், கரைந்த சுண்ணாம்பை நிறுத்தாது. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 2024 இல் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்த பிறகு, ஊருக்கு ஊர் வரும் தண்ணீர் ஒன்றல்ல. கேத்திலில் ஒரு மாதம் கொதிக்கவைத்துப் பாருங்கள், அடி சொல்லிவிடும்.

தீவுப்பக்கமும் கரையோரமும் உவர்த் தண்ணீர் என்றால் அதை மெசினில் ஊற்றவே வேண்டாம். உப்பு கொதித்தாலும் போகாது, அலுமினியத்தையும் எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கொதிக்க வைப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோப்பியோடு சம்பந்தமில்லை என்றாலும். தோட்டக் காணிகளுக்குள் இருக்கும் கிணறுகளில் உரத்தில் இருந்து வரும் நைத்திரேற்று எங்கள் பக்கத்தில் பழைய பிரச்சினை. கொதிக்க வைத்தால் அது குறையாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மெசின் பிறகு.

எங்கள் வீட்டில் மல்லி, சீரகம், சுக்கு சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூள். மெசினில் போடலாமா?

போடலாம். ஆனால் மெசின் மறக்காது. மல்லியின் வாசனை எண்ணெய் பிளாஸ்ரிக் கூடைக்குள் ஊறிவிடும், அடுத்த நாள் வெறும் கோப்பி வடித்தாலும் மல்லிக் கசாய வாசம் வரும். சுக்குத் தும்பு வலையின் கண்ணை அடைக்கும். காகித பில்டர் வைத்தால் தும்பு பிரச்சினை தீரும். மணப் பிரச்சினைக்கு இரண்டாவது கூடை ஒன்று இருந்தால் நல்லது. உண்மையைச் சொன்னால் மல்லிக் கோப்பிக்குச் சட்டியும் வடியும்தான் பொருத்தம். அது கொதித்து இறங்க வேண்டியது. சொட்டுத் தண்ணீரில் அதன் குணம் வராது.

கூடை நிரம்பி வழிந்து மேசையெல்லாம் கோப்பி. மெசின் சாய்வாக இருக்கிறதா?

தூள் மிக நைசாக இருக்கிறது. இங்கே மில்லில் அரைக்கும் கோப்பித்தூள், கப்பில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி மண்டி அடங்கவிட்டுக் குடிப்பதற்கானது. மாவு மாதிரி இருக்கும். மெசினில் அது திரண்டு சேறாகிவிடும், தண்ணீர் கீழே இறங்க முடியாமல் மேலால் வழியும். மில்லில் ‘ரவை பதத்துக்கு அரையுங்கோ’ என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யாரும் மிளகாய் அரைத்தார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நைசுத்தூள்தான் கையில் இருக்கிறது என்றால் வழக்கமாகப் போடுவதில் முக்கால்வாசி போட்டு, காகித பில்டர் வைத்து, பாதி ஜக்கு மட்டும் வடியுங்கள்.

கனடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்த மெசின். பின்னை மாற்றிக் குத்தினால் போதுமா?

நிறுத்துங்கள். முதலில் அடியைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. பின் மாற்றும் அடப்டர் வோல்ற்றை மாற்றாது. மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டித்தால் சூடாகும் கம்பி எடுக்கும் சக்தி இரட்டிப்பாகாது, நாலு மடங்குக்குக் கிட்டப் போகும். 900 வாற்ஸ் மெசின் 3300 வாற்ஸ் இழுக்கப் பார்க்கும். எங்கள் வீட்டில் ஒரு பெடியன் குத்திப் பார்த்துவிட்டான். இரண்டு செக்கன், ஒரு சத்தம், கருகிய மணம். மெசினில் அதற்குப் பிறகு சுத்தம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அதைப் பாவிக்கத்தான் வேண்டும் என்றால் 1500 வாற்ஸ் அளவு தாங்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையும் பாரமும் மெசினைத் தாண்டிவிடும். அப்படி ஓட்டினாலும் மணிக்கூடு வைத்த மெசினில் சிலது மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும், ஏனென்றால் அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 சைக்கிள், இங்கே 50. லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியா மெசின்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பின்னை மட்டும் சரிபார்த்தால் போதும்.

மெசினுக்குள் கரப்பொத்தான்!

சூடு, ஈரம், இருட்டு, கோப்பிச் சக்கை. வேறென்ன வேண்டும் அதற்கு? இரவு வடித்த சக்கையைக் காலைவரை கூடையில் விடாதீர்கள். கழுவிய பிறகு தாங்கி மூடியையும் கூடைக் கதவையும் ஒரு மணித்தியாலம் திறந்து காயவிட்டு, பிறகு மூடி, மேலே ஒரு துணிப்பை போட்டு வையுங்கள். பூச்சி மருந்தை மெசினுக்குள்ளோ அதன் மேலோ அடிக்கவே கூடாது. உள்ளே குடியிருப்பது உறுதி என்றால் பிளக்கைக் கழற்றி, வெயிலில் அரை நாள் திறந்து வையுங்கள், தாமாக வெளிக்கிடும். பிறகு அமிலத் தண்ணீர் ஒருமுறை, வெறும் தண்ணீர் மூன்று முறை.

எறும்பு வந்தால் யாரோ சீனி கலந்த கோப்பியைச் சிந்தியிருக்கிறார்கள். தாங்கிக்குள் பால் ஊற்றிய ஒரு வீட்டையும் எனக்குத் தெரியும். அந்த மெசினுக்கு அனுதாபங்கள்.

மாரி காலத்தில் தாங்கியின் மூலையில் கறுப்பாகவோ வழுவழுப்பாகவோ பூஞ்சணம் தெரிந்தால் வினாகிரித் தண்ணீரை ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, எட்டுமளவுக்குப் பிரஷால் தேய்த்து, ஓட்டி, அலசுங்கள். தண்ணீரை இரவில் தாங்கிக்குள் நிற்க விடாமல் இருந்தால் அது வராது.

அடுப்பில் வைக்கும் இத்தாலியக் கோப்பிச் செம்பு வைத்திருக்கிறோம். அதையும் இப்படித்தானா?

மோக்கா என்பார்கள், 1933 இல் இத்தாலியில் வந்தது. அநேகமாக அலுமினியம். இதில் கவனிக்க வேண்டியது ருசியைவிடப் பாதுகாப்பு. கீழ்ப்பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறிய பித்தளை வால்வு இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடுவது அதுதான். எங்கள் தண்ணீரில் அது கல் பிடித்து இறுகும். கிழமைக்கு ஒருமுறை உள்ளே இருந்து விரலால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் சிட்ரிக் அமிலத் தண்ணீரில் அந்த இடம் மூழ்க வையுங்கள். அதற்குப் பிறகும் அசையாததை அடுப்பில் ஏற்ற வேண்டாம். தண்ணீரும் வால்வுக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

நடுவில் இருக்கும் றப்பர் வோஷர் காய்ந்து வெடித்தால் பக்கத்தால் ஆவி சீறும். ஊருக்கு வருபவரிடம் சொல்லி இரண்டு மூன்றாக எடுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், அளவு எழுதி அனுப்புங்கள். சாம்பல், சலவைச் சோடா எதுவும் அலுமினியத்தில் படக்கூடாது. கழுவியபின் பூட்டி வைக்காமல் துண்டு துண்டாகக் காயவிடுங்கள்.

சென்னையில் வாங்கிய பில்டரில் துளைகள் அடைத்து, இரவு ஊற்றினால் காலையிலும் இறங்கவில்லை.

எவர்சில்வர் பில்டர் என்றால் துளைத்தட்டைக் குறட்டால் பிடித்து காஸ் அடுப்பின் சுடரில் ஒரு நிமிடம் காட்டுங்கள். உள்ளே சிக்கிய தூள் எரிந்து சாம்பலாகும். ஆறியதும் தட்டிக் கழுவினால் துளை தெளியும், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பித்தளை பில்டருக்கு இதைச் செய்யாதீர்கள். உள்ளே பூசியிருப்பது வெள்ளீயம், அது 232 பாகையிலேயே உருகிவிடும். வெளியே புளி போட்டு மினுக்கலாம். உள்ளே பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசும்வரை அதில் கோப்பி வேண்டாம்.

கோப்பித்தூள் அடைத்த சிறு கப்சூலைப் போட்டு வடிக்கும் மெசின்?

அதற்கென்று படிவு நீக்கும் பொத்தான் வரிசை இருக்கும், புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். உள்ளே பம்பும் மெல்லிய றப்பர் வளையங்களும் இருப்பதால் பல கம்பனிகள் வினாகிரியை வேண்டாம் என்கின்றன. கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றக்கூடாத மெசின்களில் முதலிடம் இதற்கு.

ஜக்கும் பிளாஸ்க்கும் உள்ளே மண்ணிறமாகிவிட்டன, கை போகவில்லை.

ஒரு கைப்பிடி அரிசி, கொஞ்சம் சுடுதண்ணீர், சில துளி பாத்திரத் திரவம், மூடிக் குலுக்குங்கள். பிளாஸ்க் கண்ணாடி உள்ளது என்றால் அரிசி வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் இரவு முழுக்க நிற்கட்டும். சூடான கண்ணாடி ஜக்கில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி வெடிக்க வைத்தவர்களில் நானும் ஒருவன்.

திடீரென்று மெசின் முழுதாகச் செத்துவிட்டது. விளக்கு எரிகிறது, சூடு இல்லை.

தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கும், அல்லது படிவு மிஞ்சிக் கம்பி அளவுக்கு மேல் சூடாகியிருக்கும். அப்போது உள்ளே இருக்கும் வெப்ப பியூஸ் தன்னைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றும். அது ஒருமுறை போனால் போனதுதான், அதே பாகையும் அதே அம்பியரும் கொண்ட புதியதைப் போட வேண்டும். திருத்தக் கொடுத்த ஒரு இடத்தில் பியூசை எடுத்துவிட்டு வயரை நேரே முடிந்து தந்தார்கள். ‘இப்ப சோக்கா வேலை செய்யும்’ என்றார்கள். செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்த பிறகு அதை நான் பிளக்கில் குத்தவில்லை. திருத்தியபின் பியூஸ் மாற்றினீர்களா, முடிந்தீர்களா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதம் பிள்ளைகளிடம் கனடா போகிறோம். மெசினை எப்படி வைத்துவிட்டுப் போவது?

போவதற்கு இரண்டு நாள் முன்பு படிவு எடுத்து, மூன்று தரம் அலசி, தாங்கியைக் கவிழ்த்து வடியவிடுங்கள். குழாய்க்குள் எப்படியும் கொஞ்சத் தண்ணீர் நிற்கும், அதனால் உடனே பெட்டிக்குள் போடாமல் திறந்தபடி இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். வயரை மெசினைச் சுற்றி இறுக்க வேண்டாம். மிச்சக் கோப்பித்தூளை அயலவருக்குக் கொடுத்துவிடுங்கள், வந்து பார்க்கும்போது அது தூளாக இருக்காது.

திரும்பி வந்ததும் பயணக் களைப்பில் நேரே கோப்பி போடத்தான் மனம் வரும். முதல் இரண்டு ஜக்கு வெறும் தண்ணீராக ஓட்டி வாழையடியில் ஊற்றிவிட்டு, மூன்றாவதில் தூள் போடுங்கள். அங்கிருந்து புது மெசின் ஒன்றையும் கொண்டுவந்திருந்தால், முதலில் அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள்.